பதினைந்து சாயமும் பதின்மூன்று வீணான சிடியும்

அன்புள்ளவர்களுக்கு,

பொங்கல் லீவில் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடிய பதினொரு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இதை யாரு பண்ணுனது?" நான்தான் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அது அரைப்பொய் என்று உறைத்தது. மீதி அரையைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆசாரத்துக்கு வராதவர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சேகா ட்ரீம்காஸ்ட் என்று ஒரு கேம் மெஷின், ஜப்பானில் 1998 நவம்பரில் வந்தது. அதில் 2000-ல் வந்த சண்டை விளையாட்டு மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2. மொத்தம் 56 பேர். ஆளுக்கு மூன்று பேராக இறக்கிவிட்டு மோதலாம். எந்தப் பட்டனை அழுத்தி ஆளைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப உடுப்பின் நிறம் மாறும், ஒவ்வோர் ஆளுக்கும் ஆறு நிறக்கட்டு. அந்த ஆறாவது கட்டைப் பன்னிரண்டு பேருக்கு மாற்றி, பவானி ஜமுக்காளத்தின் நிறங்களைப் போட்டேன். பிறகு அதே மெஷினில் ஓடும்படி சாதாரண சிடியில் ரைட் செய்தேன். இவ்வளவுதான் வேலை. எட்டு மாதம் ஆனது.

(அசல் தட்டு சித்தப்பா 2001-ல் அமெரிக்காவிலிருந்து மெஷினோடு வாங்கி வந்தது, இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சிடி கேட்டு நச்சரிக்கும் மாப்பிள்ளைகளுக்கு: முழு கேமைத் தர மாட்டேன். மாற்றிய பகுதியை மட்டும் பேட்ச் கோப்பாகத் தருகிறேன், அசல் தட்டை நீங்களே தேடிப் பிடியுங்கள்.)

முதல் நன்றி காந்திபுரத்து வைண்டிங் கடை அண்ணாவுக்கு. அமெரிக்க மெஷினுக்கு 110 வோல்ட்தான் ஆகும், நம் பிளக்கில் வருவதோ 230. நேராகச் சொருகினால் புகைதான் வரும் என்ற பயத்தில் இருபது வருடம் பரணிலேயே கிடந்தது. கடையில் போய் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை எச்பி மோட்டாருங்க?" கேம் விளையாடும் பெட்டி என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து மெஷின் சண்டை நடுவிலேயே தானாக அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. டிரான்ஸ்பார்மர்தான் சரியில்லை என்று நினைத்துச் சண்டைக்கே போனேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மூடியைக் கழற்றினார். பவர் போர்டும் மெயின் போர்டும் சேரும் இடத்தில் பின்கள் கறுத்துப் போயிருந்ததைக் காட்டினார், துடைத்தார், அதோடு சரியானது. காசு நீட்டினால், "பின்னத் தொடச்சதுக்கெல்லாம் காசுங்களா?" அண்ணா, அன்றைக்குக் குரலை உயர்த்தியதற்கு இங்கே எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து ஈரோட்டுத் தம்பி. கல்லூரியில் படிக்கிற பையன். வந்ததும் மெஷினைக் கவிழ்த்து, அடியில் ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்தான். "ஒண்ணுங்கண்ணா, தப்பிச்சோம்" என்றான். அந்தக் காலத்தில் பாட்டு சிடிக்குள் படமும் மெனுவும் சேர்த்துத் தரலாம் என்று சேகா மில்-சிடி என்று ஒரு வகை கொண்டுவந்தது. அதற்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் வீட்டில் ரைட் செய்த சிடியும் உள்ளே நுழைகிறது. 2000-ன் கடைசியில் வந்த மெஷின்களில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்; எண் ஒன்று இருந்தால் அதற்கு முந்தைய மெஷின்.

அசல் தட்டு ஜிடி-ராம் என்ற சேகாவின் தனி வகை. கிட்டத்தட்ட 1 ஜிபி பிடிக்கும், கம்ப்யூட்டர் டிரைவ் அதைப் படிக்காது. தம்பி மெஷினின் பின்பக்க சீரியல் போர்ட்டில் எஸ்டி கார்டு அடாப்டர் ஒன்றைச் செருகி, மெஷினையே படிக்க வைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டு நகலெடுத்தான். விடியற்காலை நான் எழுந்தபோது அவன் பாயில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் வீணான சிடிகளின் வரிசை தொடங்கியது. மில்-சிடியில் இரண்டு செஷன், அதாவது தனித்தனியாக ரைட் செய்த இரண்டு பகுதி, வேண்டும். முதலாவதில் 302 செக்டர் (தட்டை எண்ணும் சின்னச் சின்னக் கட்டம்), அதாவது நாலு செகண்ட் வெறும் ஆடியோ; இடையில் 11,400 செக்டர் தள்ளி, 11702-ல் கேம் தொடங்கும். முதல் சிடியில், மெஷின் கேமைத் தொடங்கப் படிக்கும் பூட் செக்டரை நான் சரியாக வைக்கவில்லை. மெஷின் அதைப் பாட்டு சிடி என்று எடுத்துக்கொண்டு நாலு செகண்ட் அமைதியைப் பாடியது. இரண்டாவது சிடி லைசென்ஸ் திரை வரைக்கும் வந்து கறுத்துப்போனது. தம்பி போனில் விளக்கினான்: மில்-சிடி என்றால் மெஷின் முதல் புரோகிராமைத் துண்டு துண்டாக இடம் மாற்றித்தான் மெமரியில் வைக்கும். ஆகவே நாம் முன்கூட்டியே கலைத்து வைத்தால் அது மாற்றி வைக்கும்போது நேராகிவிடும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. திருப்பூரில் டிரான்ஸ்பர் பிரிண்டுக்கு எழுத்தைத் திருப்பிப் போட்டுத்தானே அடிக்கிறோம், பனியனில் ஒட்டும்போது நேராக வருவதற்கு! மூன்றாவது சிடியில் கேம் தன் பழைய முகவரியான 45000-ல் போய்த் தேடி நின்றுவிட்டது. அதை 11702 என்று திருத்தி, அப்புறம் கலைத்து, அப்புறம் ரைட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் அவ்வளவுதான். தம்பி, நீ ஒரு முறைகூட "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. உன் வயதில் நான் சொல்லியிருப்பேன்.

இனி எங்கள் டையிங் மாஸ்டர், துணிக்குச் சாயம் போடுகிறவர். நான் நன்றியை எங்கிருந்து தொடங்குவது?

நான் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் கலர் செபரேஷன் செய்கிறவன், அதாவது படத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிறவன். நிறம் எனக்குத் தெரியும் என்று ஒரு தலைக்கனம். கேமில் ஒரு நிறக்கட்டுக்குப் பதினாறு இடம். ஒன்று பின்னணி தெரிவதற்குப் போய்விடும், மிச்சம் பதினைந்து. தோலுக்கு, முடிக்கு, உடுப்புக்கு, நிழலுக்கு எல்லாம் அதற்குள்தான். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் பதினாறு படிதான். எல்லாம் சேர்த்து 4096 நிறம். முதலில் நிறக்கட்டை மாற்றித் தரும் பால்மாட் மாதிரி கருவி எதுவும் வேண்டாம், கையாலேயே எண்களை எழுதுகிறேன் என்று இறங்கினேன். சண்டைக்காரர்களில் ஒருவனான ரியூவின் வெள்ளை உடுப்புக்குக் காவிச் சிவப்பு எழுதினேன். திரையில் பச்சை வந்தது. ஒரு நிறத்தின் எண்ணில் இருக்கும் இரண்டு பைட்டும், அதாவது முன்பாதியும் பின்பாதியும், இடம் மாறி உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. எப்930 என்று நினைத்தால் 30எப்9 என்று எழுத வேண்டும். டீக்கடையில் இதைப் புலம்பியபோது பக்கத்தில் இருந்த எங்கள் டையிங் மாஸ்டர் கேட்டார்: "லாட் மாத்திப் போட்டுட்டீங்களா தம்பி?" ஒரு சாயத் தொகுதிக்குப் போக வேண்டியது இன்னொன்றில் விழுவதுதான் லாட் மாறுவது; உண்மையில் அதேதான்.

எண்களைச் சரிசெய்த பிறகும் உடுப்பு செத்த மாதிரி இருந்தது. மாஸ்டருக்கு மொபைலில் படம் காட்டினேன். "நிழலுக்குக் கறுப்பைக் கலந்திருக்கீங்க. கறுப்பு விட்டா அழுக்குத் துணியாட்டத்தான் இருக்கும். அதே சாயத்தோட ஆழத்தக் கூட்டுங்க" என்றார். மாற்றினேன், ரியூ எழுந்து நின்றான். அதோடு அவர் விடவில்லை. "எந்த லைட்ல பாக்கறீங்க?" என்றார். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் டி65 என்ற பகல் வெளிச்சத்தில் பொருந்திய துணி, டிஎல்84 என்ற கடை டியூப் லைட் வெளிச்சத்தில் போட்டால் பொருந்தாமல் போவது எங்கள் தொழிலில் தினசரி வேதனை. நானோ எல்சிடி மானிட்டரில் நிறம் பார்த்து, ஆசாரத்தில் இருக்கும் பழைய டியூப் டிவியில் ஓடவிடுகிறேன். மஞ்சள் அங்கே பச்சை அடித்தது. வாரத்தில் ஒரே ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். நிற மாதிரிகள் இருக்கும் ஷேடு கார்டையும் அவர் வீட்டு ஜமுக்காளத்தையும் டிவிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் "ஒரு படி தூக்குங்க, அரைப் படி எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரைப் படி கிடையாது மாஸ்டர் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மறந்துபோனார். ஜமுக்காளத்தின் பட்டையை அப்படியே உடுப்பில் கொண்டுவர வழியில்லை, கோடு போட வேண்டுமானால் படத்தையே வரைய வேண்டும். அது அவருக்கு இன்னும் குறைதான்.

இன்றுவரை அவருக்கு இந்த விளையாட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் பன்னிரண்டு பேரின் உடுப்பும் அவர் கண்.

கோபிச்செட்டிபாளையத்து ஸ்டுடியோக்காரருக்கும் நன்றி. கல்யாண வீடியோ எல்லாம் பென்டிரைவுக்குப் போன பிறகு மூலையில் கிடந்த 700 எம்பி சிடி-ஆர் கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தார். அதற்கு முன் ஒரு கடையில், பெயர் வேண்டாம், சிடி என்று சொல்லி எனக்கு டிவிடியைக் கட்டிவிட்டார்கள். கவரைப் பிரித்த பிறகுதான் பார்த்தேன். தப்பு பாதி என்னுடையது.

கடைசியாக அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா. நாலு செகண்ட் அமைதி பாடிய அந்த முதல் சிடியை மெஷினில் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, பாட்டே காணோம்?" என்றவர். ராத்திரி இரண்டு மணிக்குக் காபி போட்டவர். வீணான பதின்மூன்று சிடியையும் குப்பையில் போடவிடாமல் வாங்கிக்கொண்டு போய், சோளக்காட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வெயில் பட்டால் கண் கூசுகிறது. போன வாரம் போன் செய்தபோது சொன்னார்: "கெழக்கு வரப்புல மயிலு எட்டிப் பாக்கறதில்ல சாமி. மேக்கால பக்கம்தான் வெறுமையாக் கெடக்குது. அடுத்த கேமு எப்ப பண்ணுவ?"