முளைக்காத பல்லுக்கு ஒரு எக்ஸ்ரே சீட்டு

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவினருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் உங்கள் வண்டி எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மேல் முன்பல் ஒன்று முளைத்து வருஷமாகப் போகிறது. பக்கத்துப் பல்லைக் காணோம். "முளைச்சுரும், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான்.

என் மகளுக்கு இப்போது 11 வயது. முளைக்கவில்லை. பாற்பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்த அப்பத்தா, தான் சரியாக எறியவில்லையோ என்று புலம்பாத நாளில்லை. வகுப்பில் எழுந்தால் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசும். "கையை எடுத்துட்டுச் சொல்லு" என்று டீச்சர் அதட்டியதும், தெரிந்த பதிலையும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டது.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரிந்தது. பல் எலும்புக்குள் இருக்கிறது. வழியை மறித்துக்கொண்டு ஒரு சின்னக் கூடுதல் பல். 8 வயதிலேயே அதை எடுத்திருந்தால் முன்பல் தானாகவே இறங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது ஈறைத் திறந்து, உள்ளிருக்கும் பல்லில் சிறு சங்கிலி ஒட்டி, கம்பியில் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார்கள். மாதாமாதம் மதுரை ஆரப்பாளையத்துக்கு பஸ். அன்றைக்கு எனக்குப் பூ எடுக்கிற கூலி இல்லை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். முன்பல் ஒன்று முளைத்து ஆறு மாதமாகியும் ஜோடிப் பல் வராத பிள்ளைக்கு எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா?

புதுக்கோட்டைக்கு 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. சந்தோஷம். இவ்வளவு பெரிய மதுரைக்கு ஏன் இன்னும் இல்லை? பல்லென்றால் அழகு சமாச்சாரம், ஏழைப் பிள்ளைக்கு எதற்கு என்ற நினைப்பா? கோபத்தில் கேட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வருகிறபோது வரட்டும். எக்ஸ்ரே சீட்டுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பையனுக்கு 8 வயதுதான். தயவுசெய்து இந்த மாதமே அவனைத் திரும்பக் கூப்பிட்டு, அந்தச் சீட்டை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்