மகளிர் வாசகசாலைத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். வாசகசாலை வேலை முடிந்துவிட்டது. திருப்பணி என்பது கோயிலுக்குச் சொல்கிற வார்த்தை, இதற்கும் அதையே வைத்தது சரிதான் என்று உள்ளே போய் நின்றால் தெரியும்.

முதலில் வசூல். கணவன் மனைவியை ஒரு புள்ளியாக எண்ணி வரி எழுதுகிற புள்ளிக் கணக்கில், கணவரை இழந்தவர்களை அரைப்புள்ளி என்று எழுதுவது நம் பக்கத்துப் பழக்கம். உரிமைக்காகப் போராடிய பெண்களின் படத்தை மாட்டப்போகிற இடத்துக்கு அப்படி எழுத மனம் வரவில்லை, அதனால் ஒவ்வொரு பெண்ணையும் முழுப்புள்ளியாக எழுதினோம். ஓர் ஆச்சி நோட்டை வாங்கி, தன் பெயருக்கு நேரே இருந்த 1 என்ற எண்ணை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வரவு 7,10,000 ரூபாய், செலவு 6,84,500, மீதி 25,500. ரசீதுகளை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஓடு மாற்றியாயிற்று, சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் ஆயிற்று. தாமதம் தரைக்குப் போடுகிற ஆத்தங்குடிக் கல்லில்தான்: முதல் லோடில் பாதிக்கு நிறம் சேரவில்லை, திருப்பி அனுப்பினோம். கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்து தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல், அவசரப்படுத்தினால் ஆகாது. சித்தாள் வேலைக்கு வந்த பெண்களுக்கு ஆண்களுக்குக் கொடுத்த அதே கூலியைக் கொடுத்தோம். சம ஊதியச் சட்டம் வந்தது 1976-ல், இன்னும் நம் தெருவில் பெண் கூலி என்று தனியாக ஒன்று இருக்கிறது. செலவு கூடியதே என்று கேட்டவர்களுக்கு, ஆமாம், கூடத்தான் வேண்டும்.

அப்புறம் படங்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, அவருக்கு அருகில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையைச் சட்டமன்றத்தில் எதிர்த்தவர் ஒருவர், அதற்குள்ளேயே வளர்ந்து வெளியே வந்து எதிர்த்தவர் இன்னொருவர், சட்டம் 1947-ல் வந்தது. கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் உண்டு.

அமெரிக்காவுக்கு, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் ஒருவர் போதும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். ஆனால் அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, மான்ட்கோமரி பேருந்தில் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தவள் 15 வயது கிளாடெட் கால்வின். அந்த ஊர்ப் பேருந்துகளில் நிறம் பார்த்து உட்காரவைப்பது செல்லாது என்று தீர்ப்பு வந்த வழக்கில் மனுதாரர்கள் நால்வரில் அவளும் ஒருத்தி, ரோசா அதில் இல்லை. இதைக் கேட்டதும் எதிர்ப்பு அடங்கியது, படமும் ஏறியது.

கடைசிப் படம் ஃபேனி லூ ஹேமர். பூச்சு வேலைக்கு வந்த ஒரு பெண் சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இவங்க யாரும்மா?" என்று கேட்டார். அமெரிக்காவில் மிசிசிப்பியில் பருத்தி எடுத்த கறுப்பினப் பெண், 1962-ல் வாக்காளராகப் பதியப் போனார், போன அன்றே 18 வருஷம் வேலை பார்த்த தோட்டத்தை விட்டு விரட்டினார்கள், மறு வருஷம் சிறையில் அடித்தார்கள், அப்படியும் 1964-ல் நாடே பார்க்கத் தொலைக்காட்சியில் அதையெல்லாம் சொன்னார் என்றேன். "ஓட்டுக்குப் பேர் எழுதப் போனதுக்கா அடிச்சாங்க?" என்று கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாக்கி இருப்பது தாழ்வாரத்துத் தகரம் மட்டும், மீதிப் பணத்தில் மழைக்கு முன் போட்டுவிடுவோம். சாவி செயலாளரிடம் இருக்கிறது, தினமும் மாலை நான்கு மணிக்குத் திறப்போம்.