டினிப்ரோவும் பேரரசர் பீட்டரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த உக்ரைன் கட்டுரையில் ஒரு திருத்தம். டினிப்ரோ நகரின் பழைய பெயரான டினிப்ரோபெட்ரோவ்ஸ்க் என்பதிலுள்ள 'பெட்ரோவ்ஸ்க்', ரஷ்யப் பேரரசர் பீட்டரைக் குறிப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பீட்டர்ஸ்பர்க் என்று கேட்டுக் கேட்டுப் பழகியதால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது கிரிகோரி பெட்ரோவ்ஸ்கி என்ற போல்ஷெவிக் தலைவரின் பெயர். அந்த ஊர் இரும்பாலையில் தொழிலாளியாக இருந்தவர். பிறகு சோவியத் உக்ரைனின் அரசுத் தலைவரானார். 1926இல் ஊர் வழியே ஓடும் டினிப்ரோ ஆற்றின் பெயரோடு இவர் பெயரையும் சேர்த்து ஊருக்குச் சூட்டினார்கள். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். 1958 வரைக்கும் இருந்தார்!

அதற்கு முன்பு ஊரின் பெயர் யெகாடெரினோஸ்லாவ். பேரரசி இரண்டாம் கேத்தரினின் புகழ் பாட 1776இல் வைத்தது. தாயைக் கண்டாலே ஆகாத மகன் பாவெல், பட்டத்துக்கு வந்ததும் அதை நோவோரோஸ்ஸீஸ்க் என்று மாற்றினார். அவர் போனபின் 1802இல் பழைய பெயரே திரும்பி வந்தது.

1932-33 பெரும்பஞ்சத்தின்போது பதவியில் இருந்தவர் பெட்ரோவ்ஸ்கி. அதனால் கம்யூனிஸ்ட் கால அடையாளங்களை நீக்க 2015இல் உக்ரைன் கொண்டுவந்த சட்டத்தில் அவர் பெயரும் அடிபட்டது. நகர மன்றம் அப்போது செய்த காரியம்தான் வேடிக்கை. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில், "எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது பெட்ரோவ்ஸ்கி அல்ல, புனித பேதுரு" என்று தீர்மானம் போட்டது. பெயர்ப் பலகையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் பாருங்கள்! நாடாளுமன்றம் அதற்கு மசியவில்லை. 2016 மே 19 அன்று ஊர் வெறும் டினிப்ரோ ஆனது.

மிஞ்சியது ஆற்றின் பெயர். வயதில் மூத்ததும் அதுதான். கிரேக்கர்கள் இந்த ஆற்றை போரிஸ்தெனிஸ் என்றார்கள். டினிப்ரோ என்பதோ, கருங்கடலுக்கு வடக்கே திரிந்த சித்தியர், சர்மாத்தியர் போன்ற ஈரானிய மொழிக்காரர்களிடமிருந்து வந்ததாக மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் 'தானு' என்றால் ஆறு. டோன், டினிஸ்டர் ஆகிய ஆறுகளின் பெயரிலும் இதே வேர்தான். பேரரசியும் கட்சித் தலைவரும் வந்து போனார்கள், ஆறு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. மாகாணத்தின் பெயர் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருப்பதால், ஊருக்குப் பெயர் மாற்றியபோது அது மாறவில்லை. எனவே கட்டுரையில் 'டினிப்ரோபெட்ரோவ்ஸ்க் மாகாணம்' என்று எழுதியது சரி. அதே பக்கத்தில் 'டினிப்ரோபெட்ரோவ்ஸ்க் நகரம்' என்று வந்ததுதான் பிழை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

- வாசகர், தஞ்சாவூர்