சனிக்கிழமைக் கூடலைப் புதிதாக்கித் தந்தவர்களுக்கு

ரோஸ் ஹில், மொரீசியஸ்

அன்புடையீர், வணக்கம்.

நம் கலந்துரையாடல் கூடல் புதிய அமைப்புக்கு மாறிய பின் வந்த முதல் தைப்பூசக் காவடி நல்லபடியாக முடிந்தது. விரதமும் கோயில் வேலையும் ஓய்ந்த இந்த வாரத்தில்தான் நிதானமாக உட்கார்ந்து உங்களுக்கு எழுத முடிகிறது. சம்பளம் வாங்குபவர் ஒருவர்கூட இல்லாமல் ஒரு கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடத்துவது பெரிய காரியம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிரித்து மறுபடி பூட்டுவது அதைவிடப் பெரிய காரியம். இரண்டையும் செய்தவர்கள் நீங்கள்.

இந்த மடலை வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். மொரீசியஸில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுமொழி, பிரெஞ்சை ஒட்டிப் பிறந்த கிரியோல். தமிழ் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக எடுத்து, பின்னர் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் வரை சென்று படித்தவர்கள் சரளமாகப் பேசுவார்கள். மற்றவர்களுக்குக் கேட்டால் பாதி புரியும், பேச வாய் வராது. பழைய கூடலில் மேடை இருந்தது, மைக் இருந்தது. ஒருவர் நீண்ட உரை ஆற்றுவார், கடைசியில் கேள்விக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குவோம். கேட்பவர்களும் எப்போதும் அதே நாலைந்து பேர். கூட்டம் கலைந்ததும் இளையவர்கள் வாசல் படிக்கட்டில் நின்று, உள்ளே பேசிய அதே விஷயத்தைக் கிரியோலில் விட்டுக்கொடுக்காமல் வாதாடுவார்கள். உண்மையான உரையாடல் படிக்கட்டில்தான் நடந்துகொண்டிருந்தது. "அந்தப் பேச்சை உள்ளே கொண்டுவாருங்கள்" என்று பெரியவர்கள் முன் எழுந்து நின்று சொன்ன இரண்டு மாணவிகளுக்கு என் முதல் நன்றி. அந்தத் தங்கைகள் கேட்டிராவிட்டால் இந்த மாற்றம் எதுவும் தொடங்கியிருக்காது.

அதன்பின் வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. தமிழ்க் கூடலில் கிரியோல் பேசலாமா? கூடலில் மூத்தவரான ஆசிரியர் ஐயா கூடாதென்றார். 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறக்கப்பட்டபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அப்படி நின்று காத்த மொழிக்கு நம் சொந்தக் கூட்டத்திலேயே இடம் குறையலாமா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை யாரும் அலட்சியமாக ஒதுக்கிவிடவில்லை. நீண்ட பேச்சுக்குப் பின் ஒரு வழி பிறந்தது. பேசுபவர் எந்த மொழியிலும் தொடங்கலாம். பக்கத்தில் ஒரு துணைவர் அமர்ந்து அதைத் தமிழில் சொல்வார். பேசியவர் அதில் ஒரு வாக்கியத்தையாவது தம் வாயால் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்பேடு மட்டும் முழுக்கத் தமிழில்தான் எழுதப்படும். இந்தக் கடைசி விதி ஆசிரியர் ஐயா வைத்த நிபந்தனை. கிரியோல் விஷயத்தில் அவர் இன்றும் உடன்படவில்லை, அதை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்கிறார். ஆனாலும் குறிப்பேட்டை வரிவரியாகத் திருத்திக் கொடுப்பவரும் அவர்தான். ஐயா, உங்கள் மறுப்புக்கும் உழைப்புக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். மறுத்துக்கொண்டே உடன் இருப்பவர்கள் இல்லையென்றால் ஒரு கூடல் ஒரே கருத்துக்காரர்களின் சங்கமாகச் சுருங்கிவிடும்.

துணைவர்களாக அமர்ந்த அக்காமார்களே, உங்கள் வேலை வெளியே தெரியாது. ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வதை அவர் நினைத்த அளவுக்கே, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அழகுபடுத்தினால் அது அவர் பேச்சாக இருக்காது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியதே இல்லை. இப்போது துணைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாங்களே தமிழில் தொடங்கும் இளையவர்களைப் பார்க்கிறேன். வேற்றுமை உருபு தவறுகிறது, ஒருமை பன்மை மாறுகிறது, ஆனால் கருத்து முழுசாக வந்து சேர்கிறது. இதற்குமேல் நான் எதை எதிர்பார்ப்பேன்!

நெறியாளர் பொறுப்பைச் சுழற்சி முறையில் ஏற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். நெறியாளர் அன்று தம் கருத்தைச் சொல்லக் கூடாது. புதிதாக வந்தவருக்கு முதல் வாய்ப்பு. எல்லோரும் ஒருமுறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேச முடியாது. எழுதி ஒட்டியபோது இவை சின்ன விதிகளாகத் தெரிந்தன. கோயிலில் தமிழ் வழிபாடா, சமஸ்கிருத வழிபாடா என்ற பேச்சு எழுந்த சனிக்கிழமையில் அவற்றின் மதிப்புத் தெரிந்தது. குரல்கள் உயர்ந்தன, ஒருவர் எழுந்தேவிட்டார். அன்று நெறியாளராக இருந்த நர்ஸ் அக்கா பேச்சை நிறுத்தி, மூன்றாவது ஆள் ஒருவரை அழைத்து, "இவர் சொல்வதையும் அவர் சொல்வதையும் அவரவர் ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கள், அப்புறம் தொடரலாம்" என்றார். சொல்லி முடித்தபோது வாதம் தீரவில்லை, கோபம் தணிந்திருந்தது. எழுந்தவர் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அது நம் வழக்கமாகிவிட்டது. அக்கா, மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து நேராக வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

மேடையைப் பிரித்து அந்தப் பலகைகளிலேயே தாழ்வான பெஞ்சுகள் செய்து கொடுத்த தச்சர் அண்ணனுக்கு நன்றி. சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்காக வாசலில் சாய்தளமும் போட்டுத் தந்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் மண்டபத்தையும் மின்சாரத்தையும் கொடுத்த கோயில் நிர்வாகத்தாருக்கும் நன்றி. கூட்ட நேரத்தை மாலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றச் சொன்ன ஃப்ளாக் பக்கத்து அன்பர்கள் சொன்னது சரி. கிராமப்புறப் பேருந்து சாயங்காலத்தோடு நின்றுவிடும்போது, ஏழு மணிக் கூட்டம் என்பது நகரத்தாருக்கு மட்டுமான கூட்டம்.

காத்தோ பிமான் என்னும் மிளகாய்ப் பருப்பு வடை சுட்டுத் தரும் அத்தை கூடலின் போக்கையே மாற்றியவர். கடைசியில் கொடுத்துவந்த தேநீரை நடுவில் கொடுக்கலாம் என்று அவர்தான் சொன்னார். வாய் திறக்காத பிள்ளைகள் அந்த இடைவேளையில் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிப் பார்க்கிறார்கள். "இதை உள்ளே சொல்லேன்" என்று யாராவது தூண்டுகிறார்கள். இரண்டாம் பாதியில் புதுக் குரல்கள் வருகின்றன. எந்த விதியாலும் செய்ய முடியாததை அத்தையின் தட்டு செய்தது.

பேச்சுப் பொருள்களைத் தேடித் தந்தவர்களில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படும் குடியேற்றப் பதிவேடுகளிலிருந்து தம் முன்னோரின் பதிவை எடுத்து வந்து, எண், பெயர், வயது, கப்பல், ஊர் என்று எப்படிப் படிப்பது என எங்களுக்குக் காட்டிய அண்ணனுக்கு நன்றி. அன்று வீராப்பேன், முனிசாமி, செல்லப்பெருமாள் என்று தங்கள் குடும்பப் பெயர்களையே புதிதாகப் பார்த்தார்கள் பிள்ளைகள். நம்மவர் எல்லோரும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள்தானே என்று ஒருவர் சொன்னார். அதற்கு நூறு ஆண்டு முன்பே, 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்கள் போர்ட் லூயிஸ் துறைமுக நகரைக் கட்டுவதில் பங்கெடுத்ததை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். அந்த விவாதம் அடுத்த சனிக்கிழமைக்கும் நீண்டது.

இன்னொன்று. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் புரண்டபோது, நாற்காலி அடுக்குவது யார் முறை என்று பார்க்க எழுதி வைத்திருந்த தொலைபேசிப் பட்டியலை எடுத்து, தனியாக வாழும் பெரியவர்களை ஒருவர் விடாமல் அழைத்துப் பேசிய தம்பிகளுக்கு நன்றி. யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை.

வரும் கூட்டத்தின் பொருள், 1989இல் நம் நாட்டில் நடந்த ஏழாவது உலகத் தமிழ் மாநாடு. அதில் கலந்துகொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும், பிறகு பிறந்தவர்கள் கேள்வி கேட்கட்டும். பழைய நிழற்படங்கள், அழைப்பிதழ்கள் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். நெறியாளராக இதுவரை அமராதவர் ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் நர்ஸ் அக்காவிடம் பெயர் கொடுங்கள்.

நன்றியுடன்,
கூடலின் ஒருங்கிணைப்பாளர்