'பட்ட விரட்டி': சித்தப்பாவுக்கு ஒரு மறுப்பு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். காலித் ஹுசைனியின் முதல் நாவலான 'பட்ட விரட்டி'யைப் படித்துவிட்டு, "கூட விளையாடியவன்தான் தம்பி என்று பிற்பாடு தெரியவருவது, நம் பழைய சினிமாவில் மச்சத்தைக் காட்டி அண்ணன் தம்பி ஒன்றுசேர்கிற கதைதானே" என்று ஒதுக்கிவிட்டீர்கள். உங்களோடு எனக்கு வழக்கு அந்த ஒரு வரியில்தான்.

ஆப்கானிஸ்தானின் காபூலில் வளர்ந்து, நமக்குக் கதை சொல்லும் அமீர், தன்னோடு விளையாடிய ஹஸன் தன் தந்தை பாபாவுக்குப் பிறந்தவன் என்பதை 2001இல், பாகிஸ்தானின் பெஷாவரில், தந்தையின் நண்பர் ரஹீம் கான் சொல்லித்தான் அறிகிறான். ஆனால் தொடக்க அத்தியாயங்களிலேயே ஹுசைனி அதை நம் கண்முன் வைத்துவிடுகிறார். வேலைக்காரர் அலியின் மகன் என்று வளரும் ஹஸனின் பிறந்தநாளை பாபா ஒருமுறைகூட மறப்பதில்லை. பிளவுபட்ட மேலுதட்டோடு பிறந்த அவனுக்கு 1974ஆம் ஆண்டின் பரிசாக, அறுவை சிகிச்சை செய்ய டெல்லியிலிருந்து ஒரு மருத்துவரையே வரவழைக்கிறார். (எழுதியவரும் மருத்துவராகப் பணிபுரிந்தவர் என்பதாலோ என்னவோ, அந்தப் பரிசு கதையில் இயல்பாகப் பொருந்திவிடுகிறது.) புதிய வேலைக்காரர்களை வைத்துக்கொள்ளலாமே என்று அமீர் கேட்கும்போது, பாபா கொதித்துப்போய், இது ஹஸனின் வீடு, நாம்தான் அவன் குடும்பம் என்கிறார். உலகில் திருட்டு ஒன்றே பாவம், பொய் சொல்பவன் பிறருக்கு உண்மையின் மேலுள்ள உரிமையைத் திருடுகிறான் என்று மகனுக்குப் போதித்த அதே மனிதர், அமீர் சுமத்திய கைக்கடிகாரத் திருட்டுப் பழியை ஹஸன் வாய் திறந்து ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் அவனை மன்னித்துவிடுகிறார். முதல் முறை படிக்கும்போது, பெரிய மனிதருக்குரிய தாராளம் என்று நினைத்து இதையெல்லாம் கடந்துவிடுகிறோம். ரகசியம் தெரிந்தபின் அதே பக்கங்களுக்குத் திரும்பினால், சொந்த மகனுக்கு வெளிப்படையாக எதையும் செய்ய முடியாத தகப்பனின் தவிப்பு அல்லவா தெரிகிறது? மச்சத்தைக் கண்டு திடுக்கிடுவதும் இதுவும் ஒன்றல்ல.

அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது நட்பைப் பற்றி நாவல் சொல்வது. பெற்றோரை விபத்தில் பறிகொடுத்த ஹஸாரா இனச் சிறுவன் அலியை நீதிபதியான பாபாவின் தந்தைதான் வீட்டுக்கு அழைத்து வந்தார்; பாபாவும் அலியும் ஒன்றாகவே வளர்ந்தார்கள். இருந்தும், தன் இளமைக் கதைகளைச் சொல்லும்போது பாபா ஒருமுறைகூட அலியை நண்பன் என்று குறிப்பிட்டதில்லை. தானும் ஹஸனை அப்படி நினைத்ததில்லை என்று அமீர் ஒப்புக்கொள்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத ஹஸனுக்கு, மாதுளை மரத்தடியில் அமர்ந்து பாரசீகக் காப்பியமான ஷாநாமாவை வாசித்துக் காட்டுகிறான். அவன் பொருள் தெரியாமல் கேட்கும் சொற்களுக்கு வேண்டுமென்றே தப்பான பொருள் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறான். அமீரின் பஷ்தூன் இனம் மேல், ஹஸனின் ஹஸாரா இனம் கீழ் என்ற ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை ஒருவன் மற்றவனுக்கு உரிமைப்பட்டவனாக இருக்கலாமே தவிர, தோழனாக முடியாது. பாபாவின் ரகசியமும் இதே ஏற்றத்தாழ்வில் பிறந்ததுதான். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வாசிக்க என்னால் முடியவில்லை. ஒரே தாதியிடம் பால் குடித்தவர்களுக்கு இடையே சகோதர உறவு உண்டு என்று அலி பிள்ளைகளிடம் சொல்லும் இடத்தைப் பாருங்கள். எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது உண்மை!

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். சிறுவயதில் ஹஸனைச் சீரழித்த ஆசெஃப், கால் நூற்றாண்டு கழித்துத் தாலிபான் தலைவனாக அமீரின் முன் வந்து நிற்பதும், ஹஸனின் மகன் சோராப் கவணால் அவன் கண்ணைப் பதம்பார்ப்பதும் சினிமாவேதான். ஹஸனைக் குறையே இல்லாத நல்லவனாகப் படைத்ததும் எனக்கு உறுத்துகிறது. அவனுக்கு ஒருமுறையாவது அமீர்மீது கோபம் வந்திருக்கக் கூடாதா?

அலியும் ஹஸனும் வீட்டை விட்டுப் போகும் அந்த மழைநாளை மட்டும் தயவுசெய்து மீண்டும் படியுங்கள். போக வேண்டாம் என்று பாபா மன்றாடி அழுகிறார். தந்தை அழுவதை அமீர் முதன்முதலாகப் பார்க்கிறான். அலியோ இளகவே இல்லை. ஹஸன் யாருடைய பிள்ளை என்று அலிக்கு அன்றே தெரிந்திருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்