'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பொருள்கள்?

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். சிறு வயது முதலே எனக்கு வறண்ட தோல். மார்கழி பிறந்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழும். குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் எதையாவது பூசாவிட்டால் மாலைக்குள் அரிப்பு தொடங்கிவிடும். ஆகவே பூச்சு எனக்கு அழகுப் பொருள் அல்ல, அன்றாடத் தேவை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாய்ஸ்சரைசரை மாற்றிய சில வாரங்களில் கழுத்திலும் கண்ணிமையிலும் தடிப்பு வந்தது. வறட்சிதான் கூடிவிட்டது என்று நினைத்து அதையே இன்னும் அதிகமாகப் பூசினேன். இமை வீங்கிய பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் ஒட்டுச் சோதனை செய்யச் சொன்னார். முதுகில் சிறுசிறு கிண்ணங்களை வரிசையாக ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து, அவற்றை எடுத்த அன்றும் இரண்டு நாள் கழித்தும் பார்த்தார்கள். வாசனைக் கலவை வைத்திருந்த வட்டத்தில் மட்டும் தோல் சிவந்து, பொடிப்பொடியாய்க் கொப்புளித்திருந்தது. அந்தக் கலவையில் இருப்பவை எட்டுப் பொருள்கள். அவற்றைத் தனித்தனியே சோதித்தபோது எனக்கு ஒவ்வாதது யூஜினால் என்று தெரிந்தது. கிராம்புக்கு அதன் மணத்தைத் தருவது அதுதான், துளசியிலும் உண்டு. இத்தகைய ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும், தவிர்ப்பது ஒன்றுதான் வழி என்று மருத்துவர் சொன்னார்.

பெயர் தெரிந்துவிட்டது, இனி லேபிளைப் படித்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நிம்மதியோடு மருந்துக்கடைக்குப் போனேன். கையில் எடுத்த ஏழு ட்யூப்களில் ஐந்தில், உட்பொருள் பட்டியலின் கடைசியில் 'பெர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல் இருந்தது. அதற்குள் யூஜினால் இருக்கிறதா இல்லையா என்று கடைக்காரரால் சொல்ல முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்துக் கேட்டபோது, 'அது வியாபார ரகசியம்' என்றார்கள். எதைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கையில் உள்ள சோதனை அறிக்கையில் இருக்கிறது; அது எந்த ட்யூபில் இருக்கிறது என்பதை அறிய வழியில்லை.

2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் உட்பொருள்களை லேபிளில் அச்சிடச் சொல்கின்றன. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்ற நல்ல ஏற்பாடும் அதில் உண்டு; ஈரத்தைக் காக்கும் கிளிசரின் முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் வாசனைக்கு வரும்போது அந்த வெளிச்சம் அணைந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று சட்டம் செய்தது. பூசி அப்படியே விடும் பொருளில் 0.001 சதவீதத்தையும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால் பெயர் வந்தாக வேண்டும். யூஜினால் அந்த 26இல் ஒன்று. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேற்பட்டதாக விரித்தார்கள். அவர்கள் யாரும் நிறுவனங்களிடம் செய்முறையைக் கேட்கவில்லை, விகிதத்தையும் கேட்கவில்லை. பெயரை மட்டும்தான் கேட்டார்கள். இங்கேயும் சில நிறுவனங்கள் லினலூல், லிமோனீன் என்று வாசனைப் பொருள்களின் பெயர்களைத் தாமாகவே அச்சிடுகின்றன. முடியாத காரியம் என்றால் அவர்களால் எப்படி முடிகிறது?

வறண்ட தோல் உள்ளவர்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். மேல்தோலின் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சுவருக்குச் சாந்து போல நிற்கின்றன. அவை குறைந்த தோலில் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியிலிருக்கும் பொருள் எளிதாக உள்ளே போகிறது. பாதுகாப்புக்காகப் பூசுவதையே நாங்கள் மற்றவர்களைவிட அதிகமாக, நாளுக்கு இரண்டு மூன்று முறை, வெடித்த தோலின் மேல் பூசுகிறோம்.

அட்டையின் முன்பக்கச் சொற்களும் உதவுவதில்லை. 'மூலிகை', 'இயற்கை' என்று எழுதியிருப்பது எனக்குப் பாதுகாப்பு அல்ல; கிராம்பெண்ணெயும் இயற்கையானதுதான். ஒவ்வாமை வர வாய்ப்பு குறைவு என்று பொருள்படும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் 1975இல் விதி கொண்டுவந்தார்கள், 1977இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இன்றுவரை அங்கே அது சட்டப்படி வரையறை இல்லாத சொல். 'அன்சென்டட்', அதாவது மணமற்றது, என்று போட்ட பொருளில், மூலப்பொருளின் வாடையை மறைப்பதற்கென்றே வாசனைப் பொருள் சேர்த்திருக்கக்கூடும் என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன்.

நான் கேட்பது இதுதான். அடையாளம் காணப்பட்ட ஒவ்வாமைப் பொருள்களின் பெயர்களை, 'பெர்ஃப்யூம்' என்ற சொல்லுக்குப் பின்னால் கட்டாயம் அச்சிடச் செய்யுங்கள். 'வாசனை சேர்க்கப்படாதது' என்று எழுத வேண்டுமானால், மறைப்பதற்காகக்கூட வாசனைப் பொருள் சேர்த்திருக்கக் கூடாது என்று வரையறுங்கள். இன்னொன்று, பட்டியல் வெளி அட்டையில் மட்டும் இருந்தால் போதாது. என் வீட்டில் இப்போதுள்ள ட்யூப் ஒன்றில், அடிமடிப்புக்கு அருகே வெள்ளி நிறத்தில் அச்சிட்ட வரிகள் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு முக்கால்வாசி அழிந்துவிட்டன. அட்டையைக் கடையிலேயே பிரித்துப் போட்டுவிட்டார்கள். இணையத்தில் விற்பவர்கள் முழுப் பட்டியலையும் படிக்கும் அளவு எழுத்தில் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் நான் வாசனை இல்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியோடு காலம் தள்ளுகிறேன். கால்களுக்கு அது போதும். மதுரை வெயிலில் முகத்தில் பூசிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. என் ஒட்டுச் சோதனை அறிக்கையின் நகலை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு நுகர்வோர்