எட்டாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமாக இருக்கும் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு, ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) நிர்வாகக் குழுவும் சேர்ந்து எழுதுவது. வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஃப்ளெக்ஸ் போர்டு இல்லாத பள்ளி இல்லை. எல்லாவற்றிலும் "நூறு சதவீதத் தேர்ச்சி" என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பள்ளியை எடைபோட வேண்டாம். கேரளம் முழுவதிலும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2023இல் 99.70, 2024இல் 99.69, 2025இல் 99.5 சதவீதம். மாநிலமே தேறுகிற தேர்வில் தேறுவதை ஒரு குறிக்கோளாகச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்து முடித்து வெளியே போகும் பிள்ளை ஒரு அறிவியல் பத்தியைத் தமிழில் வாசித்துத் தன் சொற்களில் எழுத வேண்டும். அதே பத்தியை ஆங்கிலத்தில் பார்த்தால் மிரளக் கூடாது. வில்லேஜ் ஆபீஸ் விண்ணப்பத்தை மலையாளத்தில் படித்து நிரப்ப வேண்டும். எங்கள் குறிக்கோள் இவ்வளவுதான்.

இங்கே உயர்நிலை என்பது எட்டு, ஒன்பது, பத்து என்ற மூன்று ஆண்டுகள். "எட்டுதானே, பத்து வரட்டும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்புக்கு இனி இடமில்லை. மதிப்பெண் கணக்கைச் சொன்னால் காரணம் விளங்கும். எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழி இரண்டு தாள், மூன்றாம் மொழி, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஐ.டி. ஆகியவை தாளுக்கு 50 மதிப்பெண். ஆங்கிலம், சமூக அறிவியல், கணக்கு மூன்றும் தலா 100. மொத்தம் 650. 50இல் 40 பரீட்சைக்கு, மீதி 10 சி.ஈ. என்ற தொடர் மதிப்பீட்டுக்கு. 100இல் அது 80ம் 20ம். மேற்படிப்புக்குத் தகுதி டி பிளஸ், அதாவது 30 சதவீதம். இதுவரை சி.ஈ.யும் பரீட்சையும் கூட்டித்தான் அந்த 30 பார்க்கப்பட்டது. சி.ஈ. முழுதாக விழுந்துவிட்டால் 40க்கு 5, 80க்கு 10 எழுதினாலே கரையேறிவிடலாம். 99 சதவீதத்தின் ரகசியத்தில் பாதி இது.

அந்தக் கதவு மூடப்படுகிறது. எழுத்துத் தேர்வில் மட்டுமே பாடத்துக்கு 30 சதவீதம் வேண்டும் என்ற விதி 2024-25இல் எட்டாம் வகுப்பிலும் 2025-26இல் ஒன்பதாம் வகுப்பிலும் வந்தது. 2026-27இல் பத்தாம் வகுப்புக்கும் வரும் என்பது அரசின் அறிவிப்பு. அப்போது 40க்கு 12, 80க்கு 24 எழுதியே எடுக்க வேண்டும். எட்டில் ஒரு பாடத்தில் அந்த 30 இல்லை என்றால் கோடை விடுமுறையில், ஏப்ரலில், அந்தப் பாடத்துக்குத் தனி வகுப்பும் மறுதேர்வும் நடக்கும். அந்த நாட்களில் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். சி.ஈ. மதிப்பெண்ணை நாங்கள் சும்மா அள்ளிக் கொடுப்பதும் இல்லை. நோட்டு, செயல்திட்டம், வகுப்புத் தேர்வு, செமினார் எல்லாம் அந்தந்த வாரமே பதிவாகும். பிப்ரவரியில் மொத்தமாக எழுதிக் கொண்டுவரும் நோட்டை நாங்கள் பார்ப்பதில்லை.

இனி மொழி. இந்த எல்லையில் ஆண்டுதோறும் இடறுவது இதில்தான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம்.

கேரளப் பள்ளிகளில் இந்தி ஐந்தாம் வகுப்பில் தொடங்கிவிடும். ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஏழு வரை படித்துவிட்டு இங்கே எட்டில் சேரும் பிள்ளைக்கு இந்தி எழுத்தே தெரியாது. மற்றவர்களைவிட மூன்று ஆண்டு பின்னால் நிற்கும். மூன்றாம் மொழிப் பட்டியலில் இந்திக்குப் பதில் பொது அறிவு என்ற தாளும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் வந்து "மாற்றிக் கொடுங்கள் சார்" என்றால் நடக்காது. இந்தி படிக்காத பிள்ளை என்றால் சேர்க்கும் அன்றே தலைமையாசிரியரான ஹெச்.எம்.மிடம் சொல்லி, என்ன வழி என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்தியே என்று முடிவானால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வீட்டில் தினம் அரை மணி நேரம் எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் பழக்குங்கள். இலக்கணத்தைத் தொட வேண்டாம். இந்தித் தாளில் டைரிக்குறிப்பு, கடிதம், போஸ்டர், உரையாடல், பத்தியைப் படித்து விடை எழுதுவது என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை பத்தியிலிருந்து விடையை எடுத்தே 12ஐத் தாண்டிவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மனப்பாடம் உதவாது, கேள்வி எது என்றே அதற்குத் தெரியாது.

பொள்ளாச்சிக் கடையில் விற்கும் தமிழ்நாட்டு கைடுகளை வாங்காதீர்கள். நம் பாடநூல் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தயாரித்து, தமிழில் தரும் நூல். பாட வரிசையும் வேறு, கேள்வி கேட்கும் முறையும் வேறு. அண்ணன், அக்கா வைத்திருக்கும் பழைய புத்தகத்தையும் நம்ப வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு நூல் 2024இலும், எட்டு, பத்து இரண்டும் 2025இலும் மாறிவிட்டன. எட்டு வரை புத்தகம் இலவசம், ஒன்பதிலிருந்து பணம் கட்ட வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு பாகம் வருவதுண்டு. முதல் பாகம் முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஆண்டுத் தேர்வுக்கு அதுவும் வேண்டும்.

டியூஷனிலும் ஒரு சிக்கல். பக்கத்து டியூஷன் சென்டரில் மாஷ், அதாவது ஆசிரியர், மலையாளத்தில் நடத்துவார். பள்ளியில் "முடுக்கம்" என்று படித்ததை அவர் "த்வரணம்" என்பார், "திசைவேகம்" அங்கே "பிரவேகம்" ஆகிவிடும். பிளஸ் ஒன் (பதினொன்றாம் வகுப்பு) போனால் இரண்டும் போய் ஆங்கிலச் சொல்தான் நிற்கும். எனவே கணக்குக்கும் மூன்று அறிவியலுக்கும் சேர்த்து 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டு, தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், ஒரு வரி விளக்கம் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே எழுத வைக்கிறோம். வாரம் ஒருமுறை நீங்கள் அதைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மலையாளத்தைப் பற்றி இரண்டு கருத்து உண்டு, இரண்டையும் கேட்டிருக்கிறோம். முதல் மொழியின் இரு தாளையும் தமிழிலேயே எழுதிவிட்டு வெளியேற வழி இருக்கும்போது மலையாளம் எதற்கு என்பது ஒன்று. எங்கள் கருத்து வேறு. மலையாளம் படிக்காமல் அரசுப் பணிக்குப் போகிறவர் பிறகு மலையாளத் தேர்வு எழுதியாக வேண்டும். இருபத்தைந்து வயதில் அதற்கு உட்கார்வதைவிடப் பதின்மூன்றில் கற்றுக்கொள்வது எளிது. பேச்சு ஏற்கெனவே வாயில் இருக்கிறது, பாக்கி எழுத்து மட்டும்தான்.

அடுத்தது காகிதம். படிப்பில் வரும் தொல்லையை ஆசிரியர் சரிசெய்யலாம், பெயரில் வரும் தொல்லை பிள்ளையோடு கல்லூரி வரை போகும். தமிழ் வழக்கத்தில் இனிஷியல் முன்னால், கேரளத்தில் பின்னால். ஆதாரில் "எம். கார்த்திகேயன்", பிறப்புச் சான்றில் "கார்த்திக்", பள்ளிப் பதிவில் "கார்த்திகேயன் எம்." என்று மூன்று பேர் உருவாகிவிடுகிறார்கள். போதாக்குறைக்குத் தமிழில் ஒரே 'த', மலையாளத்தில் நான்கு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டு. பிள்ளையின் விவரம் எல்லாம் "சம்பூர்ணா" என்ற மென்பொருளில் ஏறுகிறது. மாற்றுச் சான்றான டி.சி. அதிலிருந்துதான் வரும், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான விவரமும் அதிலிருந்துதான் போகும். பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் எடுக்கும் தலைக்கணக்கும் அதில் உள்ள ஆதார் எண்ணை வைத்தே. ஆதார் ஒத்துப்போகாத பிள்ளை கணக்கில் விழாமல் போகலாம். அப்படி நாலைந்து பேர் குறைந்தால் ஒரு தமிழ் டிவிஷனே (வகுப்புப் பிரிவே) போய், அதோடு ஆசிரியர் பணியிடமும் போகும். பெரிய பள்ளியில் இது உறைக்காது, தமிழ்வழியில் உறைக்கும்.

ஆகவே முதலில் பிறப்புச் சான்றை எடுத்து வைத்து, அதுதான் மூலம் என்று முடிவு செய்யுங்கள். ஆதாரை அதற்கு ஒத்ததாக அக்ஷயா என்ற அரசுச் சேவை மையத்தில் திருத்துங்கள். பிறகு பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு வேலையாகும். எட்டு, ஒன்பதில் பெயரோ பிறந்த தேதியோ மாற்ற வேண்டுமென்றால் பள்ளி, கல்வி அலுவலக மட்டத்தில் முடிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அச்சாகிவிட்டால் திருவனந்தபுரத்தில் உள்ள தேர்வுத்துறை அலுவலகமான பரீட்சை பவன் வரை விண்ணப்பம் போக வேண்டும். பத்தில் தேர்வு எழுதுவோர் பட்டியலான "ஏ லிஸ்ட்" சரிபார்க்கக் கூப்பிடும்போது ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து வருவோருக்குத் தனியாக ஒன்று. டி.சி. வாங்கினால் மட்டும் போதாது. பள்ளி விவரங்களுக்கான யூடைஸ் பிளஸ் என்ற மத்திய அரசுத் தளத்தில் பிள்ளைக்கு நிரந்தரக் கல்வி எண் ஒன்று இருக்கும். பழைய பள்ளி அந்தப் பதிவைத் தன்னிடமிருந்து விடுவித்து, அந்தத் தளத்தின் டிராப்பாக்ஸ் பகுதிக்கு நகர்த்தினால்தான் நாங்கள் இங்கே எடுக்க முடியும். டி.சி. வாங்கும் மேஜையிலேயே அதைச் செய்யச் சொல்லி, எண்ணையும் எழுதி வாங்குங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு வைத்துக்கொண்டு இங்கே சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவிக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (புதுமைப் பெண்ணுக்கு அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியும் சேரும்). இங்கே மூன்று ஆண்டு படித்தால் அந்தக் கணக்கு அறுந்துபோகும். பிள்ளை எங்களிடம் வர வேண்டும் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

சாதிச் சான்று மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுத் தாசில்தார் தந்ததை இங்கே சலுகைக்குக் காட்ட முடியாது. பட்டியல் சாதி என்றால், குடும்பம் 1950க்கு முன்பே கேரளப் பகுதியில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பாட்டன் காலத்துப் பட்டா, பள்ளிப் பதிவு, ஏதாவது பத்திரம் இருந்தால் இப்போதே தேடத் தொடங்குங்கள். பிளஸ் ஒன் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியபின் தேடினால் கிடைக்காது.

நேரம்: 2025 முதல் உயர்நிலை வகுப்புகள் காலை 9.45க்குத் தொடங்கி மாலை 4.15க்கு முடிகின்றன, வெள்ளி மட்டும் வேறு. பொங்கலுக்குப் பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை ஒரு நாள். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் வேலைநாள்தான். பண்டிகையை விடச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் பத்தாம் வகுப்புக்கு ஜனவரி நடுப்பகுதி என்பது பிப்ரவரி மாடல் தேர்வுக்கு முந்தைய பாடம் முடிக்கும் காலம், அதை மறக்காதீர்கள்.

மதிய உணவு எட்டோடு நின்றுவிடும். வாரம் இரு நாள் 150 மில்லி பாலும் ஒரு நாள் முட்டையும் அதில் சேர்த்தி. ஒன்பதிலிருந்து டிபன் கட்டி அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதைப் பார்த்துப் பயந்து பெண் பிள்ளைகள் மாத்திரையை ஜன்னல் வழியே எறிவதும் நடக்கிறது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், இரும்பின் வேலை அது.

போன் பள்ளிக்குள் கூடாது. அவசரம் என்றால் அலுவலக எண்ணுக்குப் பேசுங்கள். வண்டி விஷயத்தில் பேரமே இல்லை. பதினெட்டு நிரம்பாத பிள்ளை பைக் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. பள்ளிக்கு வெளியே டீக்கடையில் நிறுத்திவிட்டு நடந்து வரும் தந்திரம் எங்களுக்கும் தெரியும்.

ஆசிரியர் அடிக்கக் கூடாது, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. "நாலு போடு போடுங்க சார்" என்று நீங்கள் சொன்னாலும் நடக்காது. குறை இருந்தால் முதலில் வகுப்பு ஆசிரியர், அடுத்து ஹெச்.எம்., அதற்கும் மேலே மாவட்டக் கல்வி அதிகாரி. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி மக்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். பி.டி.ஏ.வுக்குப் பணம் தருவது உங்கள் விருப்பம், அதைச் சேர்க்கையோடு முடிச்சுப் போட யாராலும் முடியாது. தந்தால் ரசீது கேளுங்கள்.

முதல் வகுப்புக் கூட்டம் ஜூன் மாதத்திலேயே நடக்கும். அப்பாவுக்கு மில் ஷிஃப்ட் இருந்தால் அம்மா வரலாம், பாட்டி வந்தாலும் சரி. வரும்போது பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பழைய டி.சி.யின் நகல், நிரந்தரக் கல்வி எண், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், பிளட் குரூப் எழுதிய சீட்டு ஆகியவற்றை எடுத்து வாருங்கள். நகல் எடுக்கப் பள்ளியில் மெஷின் இல்லை, ஜங்ஷனிலேயே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்களும் பி.டி.ஏ. நிர்வாகக் குழுவினரும்